பிடியரிசிக் கணக்கும் வலைக் கணக்கும்

சபைப் பத்திரிகை, பங்கு மடல் எதைப் புரட்டினாலும் நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை கண்டிப்பா இருக்கும். 'சிக்கனமான குடும்பம், சந்தோஷமான குடும்பம்' வகையறா. மாதம் பிறந்ததும் பட்ஜெட் போடுங்கள், பத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள், கடன் வாங்கிக் கிறிஸ்துமஸ் கொண்டாடாதீர்கள், மிஞ்சின சோற்றை வீணாக்காதீர்கள். எல்லாம் நல்ல விஷயம்தான். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? இதெல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு எழுதினது. மிஞ்சிப் போனா வருஷத்துக்கு ரெண்டு அறுவடை பார்க்கிற விவசாயிக்கு. மாதம் பிறப்பதும் தெரியாம, அறுவடைன்னு ஒரு நாளும் இல்லாம, இன்னைக்கு ஆயிரம் நாளைக்குச் சைபர்னு ஓடுற வீட்டுக்கு இதில் என்ன இருக்கு?

பழவேற்காட்டுக்கு ரெண்டு மூணு தடவை போய்வந்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்குள்ள குடைய ஆரம்பிச்சது. வழக்கமா அங்கே போறவங்க டச்சுக்காரங்க கல்லறை, பூநாரை, இறால் வறுவல் மூணையும் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான். அடுத்த தடவைதான் ஏரிக்குள்ளே இருக்கிற ஊர்கள் பக்கம் கண் போச்சு. பசியாவரம், இடமணி, சாட்டன்குப்பம். தலைமுறை தலைமுறையா படகை நம்பி வாழ்ந்த ஊர்கள். பசியாவரம் என்கிற பேரையே பாருங்களேன். பிரிச்சுப் படிச்சா 'பசியா வரம்'. இது என் வாசிப்புதான், ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இல்லை. ஆனா அந்தப் பேரைக் கேட்டதிலிருந்து எனக்கு எங்க ஆச்சி வீட்டுப் பானை ஞாபகம் வந்துட்டே இருந்தது.

அந்தப் பானையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்க ஊர்ல பழைய கிறிஸ்தவ வீடுகளில் அடுப்படி மூலையில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலை வைக்கிறதுக்கு முன்னாடி, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவாங்க. வாரக் கடைசியில் அது கோவிலுக்குப் போகும். இதான் பிடியரிசி. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஆனா ரெண்டு விஷயம் இதில் நுணுக்கமா இருக்கு. ஒண்ணு, எடுக்கிறது சமைக்கிறதுக்கு முன்னாடி. மிச்சம் இருந்தா கொடுக்கலாம்னு வச்சா மிச்சம் என்னைக்குமே இருக்காது. ரெண்டாவது, எடுக்கிறது பெண். வீட்டு ஆம்பளையிடம் காசு கேட்க வேண்டியதில்லை. அவன் எவ்வளவு கொண்டுவந்தான், எங்கே குடிச்சான் என்கிற கணக்குக்கு வெளியே, அவள் கைக்குள்ளே இருக்கிற ஒரு பிடி.

இது கிறிஸ்தவங்க கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்லைங்க. விருதுநகரில் தொடங்கின சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியில் நடந்த பள்ளிக்கூடம். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வசூல் பண்ணி, பிள்ளைகளுக்கு இலவசமா படிப்பு சொல்லிக்கொடுத்தாங்க. காமராஜர் படிச்சது அங்கேதான். பிறகு அவர் முதலமைச்சராகி மதிய உணவு போட்டதுக்கும் அந்தப் பிடியரிசிக்கும் நேர்ச்சொந்தம் உண்டுன்னு நான் நினைக்கிறேன். அந்தப் பக்கம் வடகிழக்கே போனா மிசோரம். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910ல் இதே பிடியரிசியைப் பெண்கள் ஆரம்பிச்சாங்க. 'புஃபாய் தாம்' என்று பேர். ஒரு பிடி ஒரு பிடியா சேர்ந்து இன்னைக்கு அந்தச் சபையின் பெரிய வருமானங்களில் ஒண்ணு.

நெல்லைக்குத் திரும்புவோம். 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினப்போ அதன் கொள்கையே நம்ம ஆள், நம்ம பணம் என்பதுதான். வெளிநாட்டுக் காசு வேண்டாம். அதன் பின்னால் நின்னவர் வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வே. ச. அசரியா. அடுத்த வருஷமே தோர்ணக்கல்லுக்கு ஓர் ஊழியரை அனுப்பினாங்க. 1912ல் அசரியாவே அங்கே பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அங்கே சபையில் சேர்ந்தவங்களில் ரொம்பப் பேர் நிலமில்லாத கூலிக்காரங்க. அவங்க கிட்டேயும் அசரியா காணிக்கை கேட்டார். தானியமா வந்தது, கோழியா வந்தது, முட்டையா வந்தது. இல்லாதவன்கிட்ட போய்க் கேட்கிறதா என்று இன்னைக்கு நமக்குக் கோபம் வரலாம். எனக்கும் முதலில் வந்தது. ஆனா கொடுக்கிற நிலையில் தன்னை வச்சுப் பார்க்கிறவன் யாருக்கும் கையேந்துறவன் இல்லை என்பது அவர் வாதம். கொடுத்தல் பற்றித் தனியா ஒரு புத்தகமே எழுதினவர்.

இந்தச் சிக்கனத்துக்கு இன்னொரு முகம் உண்டு, அதையும் சொல்லிடணும். வருஷத்தில் ஒரு நாள் அறுப்புப் பண்டிகை, அசனம், ஏலம். வருஷம் முழுக்கப் பிடி பிடியா எடுத்து வச்ச அதே ஜனம் அன்னைக்கு ஒரு பூசணிக்காயை, ஒரு சேவலை, விலையைப் போலப் பத்து மடங்குக்கு ஏலம் எடுக்கும். மச்சானும் மாப்பிள்ளையும் போட்டி போட்டு ஏத்துவாங்க. எடுத்தவர் அதைத் திரும்பக் கோவிலுக்கே கொடுக்க, மறுபடி ஏலம். குழந்தைங்க கைதட்டும். வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு இது ஊதாரித்தனம். எனக்கு அப்படித் தோணலை. சந்தோஷத்துக்கும் ஒரு நாள் குறிச்சு, அதுக்கும் முன்கூட்டியே எடுத்து வச்சிருக்காங்க, அவ்வளவுதான். சிக்கனம்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கிறது இல்லைன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஏலக்காரர்தான் :-)

சரி. இப்போ இந்தப் பானையைத் தூக்கிட்டு ஏரிக்கரைக்கு வாங்க.

மீன்பிடிக்கிற வீட்டில் அரிசிப்பானைக் கணக்கு ஏன் ஒட்டாதுன்னா, அங்கே வரவு வாரத்துக்கோ மாதத்துக்கோ கட்டுப்பட்டது இல்லை. பழவேற்காடு ஏரி உப்பும் நன்னீரும் கலந்தது. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருது, கடல் முகத்துவாரம் வழியா உள்ளே வருது. அந்த முகத்துவாரத்தை மண் மூடினால் கடல்தண்ணி வராது. கடல்தண்ணி வராட்டி இறால் குஞ்சு வராது. இறால் வராட்டி வீட்டில் காசு வராது. பட்ஜெட் போடுறவர் இந்த மண்ணுக்கு எந்தப் பத்தி ஒதுக்குவார்? புயல் எச்சரிக்கை வந்தா போக முடியாது. பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுற நாளிலும் கடலுக்குப் போகாதீங்கன்னு அறிவிப்பு வரும். நாம டிவியில் கைதட்டுற நாள் அங்கே ஒரு நாள் வரும்படி போன நாள்.

அப்போ மீனவ வீட்டில் சிக்கனமே இல்லையா? அப்படித்தான் ரொம்பப் பேர் சொல்றாங்க. 'வந்தா வாரி இறைப்பாங்க, இல்லாட்டி கடன்' என்று. பழைய பாதிரிமார் குறிப்பிலிருந்து நம்ம அலுவலக நண்பர்கள் பேச்சு வரைக்கும் இந்த ஒரே பல்லவி. இதுதான் எனக்கு ஒத்துவரலை. ஏன்னா அதே ஏரியில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு இருக்கு.

ஏரியில் எல்லா இடமும் ஒண்ணு இல்லை. முகத்துவாரத்துக்குக் கிட்டே ஓட்டம் உள்ள இடத்தில் இறால் விழும், மத்த இடத்தில் சேறுதான் மிஞ்சும். யார் முந்தினாங்களோ அவங்களுக்கு என்று விட்டிருந்தா வலுத்தவன் வீடு மட்டும் நிமிர்ந்திருக்கும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்க்காரங்க முறை வச்சுக்கிட்டாங்க. இந்த நாள் இந்த ஊருக்கு. ஊருக்குள்ளே யாருக்கு எந்த இடம் என்று சீட்டு போட்டு எடுப்பாங்க. நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு சுத்து வரும். பங்கு தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு. இதில் நடூர் மாதாகுப்பம் பேரிலேயே மாதாவை வச்சிருக்கிற ஊர். போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா கோவில் உள்ள கரை இது. மத்த ஊர்களில் அம்மன் கோவில். சாமி வேற, பாடு ஒண்ணுதான்.

இதைச் சிக்கனம்னு சொல்லலாமான்னு நீங்க கேட்கலாம். நான் சொல்லுவேன். அரிசி வீட்டில் சேமிப்பு என்பது இன்றைய பிடியை நாளைக்கு வைப்பது. மீன் நாளைக்கு நாறிப்போகும். அதனால் அவங்க மீனைச் சேமிக்கலை, முறையைச் சேமிச்சாங்க. இன்னைக்கு நல்ல இடத்தை உனக்கு விடுறேன், உன் முறை முடிஞ்சு என் முறை வரும். ஒருத்தன் வீட்டு வறட்சி ரொம்ப நாள் நீளாம பார்த்துக்கிற வழி. பாங்க் புத்தகம் இல்லை, ஆனா கணக்கு இருக்கு.

பாட்டில் குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். பாடு உள்ள ஊருக்கு அது காப்பு. பாட்டுக்கு வெளியே நிக்கிற சாதிகளுக்கு, ஏரியைக் கையால் தடவி மீன் பிடிக்கிற இருளர் மாதிரி மக்களுக்கு அது மூடின கதவு. இறாலுக்கு ஏற்றுமதி விலை கூடினதும் ஆள் கூடி, வலை கூடி, சண்டையும் கூடினது. பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகளைப் புகழும்போது யாரோட பகிரலை என்பதையும் சேர்த்து எழுதணும்.

முறையைத் தவிர, அந்த வீடுகளில் காசு உட்காருற இடங்கள் இன்னும் மூணு உண்டு. கருவாடு ஒண்ணு. விலை விழுந்த நாளில் மீனைக் கொட்டிக் கொடுக்காம உப்பிட்டுக் காய வைக்கிறது. மழைக்காலத்தில் அதுவே குழம்பு, அதுவே விற்பனை. அந்த வேலை முழுக்கப் பெண்களோடது. ரெண்டாவது நகை. ஊதாரித்தனம்னு நாம சொல்ற அந்தக் கம்மலும் செயினும், அடகுக் கடையில் ஒரு மணி நேரத்தில் பணமாகிற சேமிப்பு. மூணாவது வலை. கையில் நாலு காசு வந்தா மீனவர் பாங்குக்குப் போறதில்லை, வலை வாங்குறார். தொழிலும் அதுதான், சேமிப்பும் அதுதான்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கு. 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புதுத்துணி வாங்கி, பலகாரம் சுட்டு, கை காலியான மறுநாள் காலை. கரையில் இருந்த வலையையும் படகையும் அலை கொண்டுபோனப்போ தொழில் மட்டும் போகலை, அந்த வீடுகளின் சேமிப்புப் புத்தகமே போச்சு. நம்ம பாங்க் கணக்கை ஒரு அலை அடிச்சுட்டுப் போனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் வலைக்கு முன்பணம் கொடுக்கிற வியாபாரிதான் கதி. முன்பணம் வாங்கினா மீன் அவருக்குத்தான், விலை அவர் சொல்றதுதான். வட்டி என்று தனியா எழுத மாட்டார், ஒவ்வொரு கூடையிலும் கொஞ்சம் குறைப்பார். இந்தக் கட்டில் இருக்கிற வீட்டுக்குப் போய் 'கடன் வாங்காதீர்கள்' என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கிறது எனக்குக் கூச்சமா இருக்கு.

சேமிப்பும் கடனும் சேர்ந்தேதான் தீர்க்கணும்னு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டவங்க இருந்திருக்காங்க. ஸ்காட்லாந்தில் ருத்வெல் என்கிற ஊர்ப் போதகர் ஹென்றி டங்கன் 1810ல் ஏழைகளுக்காக ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். சில்லறையை வாங்கி வட்டி கொடுக்கிற வங்கி. இது சேமிக்க முடிஞ்சவங்களுக்கு. ஜெர்மனியில் ராய்ஃபைசன் என்கிற புராட்டஸ்டண்ட் ஊர்த் தலைவர் 1846-47 பஞ்சத்தில் முதலில் ரொட்டிக்கு ஒரு சங்கம் வச்சார். போகப் போக தர்மம் மட்டும் காணாதுன்னு புரிஞ்சு, 1864ல் ஹெட்டஸ்டார்ஃபில் கடன் சங்கம் தொடங்கினார். ஒரே ஊர்க்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. ஒருத்தன் கடனுக்கு எல்லாரும் ஜவாப்தாரி. ஒருத்தன் ஏமாத்தினா பக்கத்து வீட்டுக்காரன் கட்டணும், அதனால் யாருக்குக் கொடுக்கிறோம்னு ஊரே பார்த்துக் கொடுக்கும்.

இந்த ராய்ஃபைசனைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்கிற ஐ.சி.எஸ். அதிகாரி. 1895லும் 1897லும் ரெண்டு பாகமா பெரிய அறிக்கை எழுதி, கடைசியில் விவசாயிக்கு ராய்ஃபைசன் மாதிரிச் சங்கம்தான் வழின்னு முடிச்சார். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே நாட்டின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் திரூரில் பதிவாச்சு. திரூர் எங்கே இருக்குன்னு நினைக்கிறீங்க? இன்னைக்குத் திருவள்ளூர் மாவட்டம். பழவேற்காடு இருக்கிற அதே மாவட்டம்.

வேடிக்கை இன்னும் இருக்கு. அந்த நிக்கல்சனேதான் அடுத்து மீன்வளத்துக்கு வந்தார். 1907ல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர். உழவன் கடனைப் பார்த்த கண்ணோட மீனவன் கடனையும் பார்த்தவர். ஆனா உழவனுக்குச் சங்கம் பரவின வேகத்தில் மீனவனுக்குப் பரவலை. நிலம் இருக்கிறவனிடம் அடமானம் இருக்கு. ஏரிக்குப் பட்டா ஏது?

நான் பார்த்த வரைக்கும் இந்த முடிச்சை நல்லா அவிழ்த்தது தெற்கே, கன்னியாகுமரி - திருவனந்தபுரம் கரை. கத்தோலிக்கக் கடற்கரை அது. அங்கே மீனில் ஒரு பங்கு கோவிலுக்கு என்பது பழைய வழக்கம். அந்தப் பங்கை வசூலிக்கிற உரிமையை ஏலம் விட்டு, ஏலம் எடுத்தவர் கரையில் நின்னு வாங்கிக்குவார். குத்தகை என்று பேர். கோவில் குத்தகை பற்றிக் கசப்பும் நிறைய உண்டு, அது தனிக்கதை. ஆனா அதில் ஒரு விஷயம் பாருங்க. மீன் கரைக்கு வந்த உடனே, கைக்குக் காசு வர்றதுக்கு முன்னாடியே பங்கு எடுக்கப்படுது. உலை வைக்கிறதுக்கு முன்னாடி எடுக்கிற அதே பிடிதான்.

இதே வேளையை மீனவனுக்குச் சாதகமா திருப்பினதுதான் அங்கே பிறந்த மீனவர் சங்கங்களின் புத்திசாலித்தனம். திருவனந்தபுரம் பக்கத்து மரியநாடு என்கிற கடற்கரைக் குடியிருப்பில் தொடங்கி, கன்னியாகுமரி ஊர்களுக்கும் பரவி, 1980ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பா சேர்ந்தாங்க. சுருக்கமா சிஃப்ஸ். வியாபாரிக்கு விற்காம சங்கமே கரையில் ஏலம் போடும். விற்ற பணத்தில் கடனுக்கு நூற்றுக்குச் சுமார் பத்து ரூபாய், சேமிப்புக்கு ரெண்டு மூணு ரூபாய் அங்கேயே பிடிச்சுக்கிட்டு மிச்சம் கைக்கு. மீன் கூடுதலா கிடைச்ச நாள் தவணை கூடுதல், கிடைக்காத நாள் தவணையே இல்லை. மாதத் தவணை என்கிற பேச்சே கிடையாது. மாதம் இல்லாத வீட்டுக்கு மாதம் இல்லாத கணக்கு! இதைப் படிச்சப்போ எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது. சிக்கனத்தைப் பற்றி யாரும் உபதேசம் பண்ணலை, கணக்கு எழுதுற இடத்தை மட்டும் வீட்டிலிருந்து கரைக்கு மாத்தினாங்க.

அரசாங்கமும் கொஞ்சம் இதே வழியில் வந்திருக்கு. கிழக்குக் கடற்கரையில் 2001லிருந்து விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. முதலில் 45 நாள், 2017லிருந்து ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். இது போக, மீன் குறைஞ்ச மாதங்களுக்காகச் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒண்ணு இருக்கு. மீனவர் 1500 ரூபாய் சேமிச்சா அரசுகள் 3000 ரூபாய் போட்டு 4500 ஆகத் திரும்பக் கிடைக்கும். தொகை சின்னதுதான். ஒரு வலை கூட வாங்க முடியாது. ஆனா தன் 1500 உள்ளே இருக்கிறதால வாங்குறவங்க தலை நிமிர்ந்து வாங்குறாங்க. அசரியா சொன்னதுக்கு இது ரொம்பத் தூரம் இல்லை.

பிடியரிசி பற்றி ஒண்ணு விட்டுட்டேன். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பசியின் விளிம்பில் எடுத்த ஒரு பிடிக்கு இருந்த கனம் இப்போ அந்தப் பிடிக்கு இல்லை. இருக்கக் கூடாதுதான், நல்லதே. எங்க பக்கம் பல வீடுகளில் பானை போய் கவர் வந்தாச்சு. கவரில் பெரும்பாலும் வீட்டுக்காரர் பேர்தான் எழுதியிருக்கு.

கரைப்பக்கம் நிலைமை வேற மாதிரி. தமிழ்நாட்டில் மேலே சொன்ன சேமிப்புத் திட்டம் மீனவ மகளிருக்குத் தனியா, அவங்க பேரிலேயே இருக்கு. அதே 1500, அதே 4500. கருவாடு காய வைக்கிறவங்களும், கூடை தூக்கி விற்கிறவங்களும் தங்கள் பேரில் கட்டி, தங்கள் கணக்கில் வாங்கிக்கலாம்.